சந்தேகம் வந்தால் ‘மேல்’

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வாரம், விடுதி அறைக்கு வந்த சீனியர் அக்கா ஒருவர் பழைய ரெக்சின் பை ஒன்றை என் கட்டிலில் கவிழ்த்தார். பாதி மனிதர் ஒருவர் என் போர்வைமேல் விழுந்தார். ‘ஹாஃப் செட்’ என்போம். மண்டையோடு ஒன்று, ஒரு பக்கத்துக் கை, ஒரு பக்கத்துக் கால், ஒற்றை இடுப்பெலும்பு, நைலான் கயிற்றில் கோத்த முதுகெலும்புகள். அக்காவுக்கு முன்னால் அதை வைத்திருந்தவர்கள் மூன்று பேராவது இருக்கும். தசைகள் ஒட்டும் இடங்களைச் சிவப்பிலும் நீலத்திலும் பென்சிலால் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்திருந்தார்கள். பணத்தை எண்ணிக்கொண்டே அக்கா ஒரு யோசனையும் இலவசமாகத் தந்தார்.

“வைவாவுல இடுப்பெலும்பக் குடுத்து ஆம்பளையா பொம்பளையான்னு கேப்பாங்க. பின்பக்கம் இந்தக் குழிவு இருக்குல்ல, இதுல கட்டைவிரல வச்சுப் பாரு. விரல் தாராளமா ஆடினா ஃபீமேல். இறுக்கமா நின்னா மேல். டவுட்டா இருந்தா மேல்னு சொல்லிடு. பெரும்பாலும் மேலாத்தான் இருக்கும்.”

வைவாவில் எனக்கு அதேதான் வந்தது. கட்டைவிரல் ஆடவும் செய்தது, முழுதாக ஆடவும் இல்லை. “மேல், சார்” என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அடுத்த எலும்பை எடுத்து நீட்டினார். பாஸாகிவிட்டேன். அந்த எலும்பு யாருடையது என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.

அந்த வருடம் தீபாவளி விடுமுறைக்குப் பையோடு ஊருக்குப் போனேன். விடுமுறை முடிந்ததும் தேர்வு. எலும்பு வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். ஆச்சி மட்டும்தான் திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பயம் ஒன்றும் இல்லை அவளுக்கு. மண்டையோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏட்டி, இது ஆம்பளையா பொம்பளையா?”

“எதுக்கு ஆச்சி?”

“சுமங்கலியாப் போயிருந்தா மஞ்ச குங்குமம் வைக்கணும்லா. ஆம்பளைன்னா திருநீறு போதும்.”

எனக்குப் படிக்க வேண்டியிருந்தது. “ஆம்பளதான் ஆச்சி” என்றேன். அவள் உள்ளே போய்த் திருநீறு எடுத்துவந்து நெற்றியில் பூசிவிட்டுப் போனாள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, சென்ற ஆண்டு அந்த வீட்டைக் காலி செய்தபோது பரணில் அந்தப் பை கிடைத்தது. கல்லூரியில் படித்தவர்கள் எல்லோரும் செட்டை ஜூனியருக்கு விற்றுவிடுவார்கள். நான் ஏதோ சோம்பலில் விற்கவில்லை. இப்போது குப்பையிலும் போட முடியாது, வீட்டிலும் வைக்க முடியாது. தெரிந்த ஓர் உடற்கூறியல் பேராசிரியரிடம் கேட்டேன். “ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு டிபார்ட்மெண்ட்ல ஒப்படைச்சிடும்மா” என்றார். லெட்டர் எழுத உட்கார்ந்தேன். ‘என்னிடமுள்ள ஒரு’ என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ஒரு ஆணின்? ஒரு பெண்ணின்? ஆச்சியின் கேள்வி திண்ணையிலேயே உட்கார்ந்து காத்திருந்த மாதிரி இருந்தது.

அப்படித்தான் இந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். நான் தடயவியல் மருத்துவர் இல்லை, சாதாரண டாக்டர். ஆனால் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. சந்தேகம் வந்தால் மேல் என்ற அந்த விதி எங்கள் விடுதி அக்காவின் கண்டுபிடிப்பு இல்லை. பெரிய பெரிய பேராசிரியர்கள் காலகாலமாக அதன்படிதான் நடந்திருக்கிறார்கள், வாய்விட்டுச் சொல்லாமல்.

ஒரு எலும்புக்கூடு கிடைத்தால் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று அது ஆணா பெண்ணா என்பது. காரணம் எளிது. பதில் கிடைத்த கணமே காணாமல் போனவர்களின் பட்டியல் ஏறக்குறைய பாதியாகிவிடும். தொடையெலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணிக்கும் சூத்திரம் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. வயதைக் கணிக்கும் அட்டவணைகளிலும் பல அப்படித்தான். ஆக முதல் பதில் தப்பினால் அடுத்தடுத்த பதில்களும் சேர்ந்து தப்பும். இன்னொரு மோசமும் உண்டு. சரியான ஆளின் ஃபைல் அலமாரியில் இருக்கும், ஆனால் அதை யாரும் திறக்கவே மாட்டார்கள்.

இதை நம்பி ஒருவர் தப்பிக்கப் பார்த்தார். பெயர் பக் ரக்ஸ்டன். பிறப்பால் பம்பாய்க்காரர், பார்சி. புக்தியார் ருஸ்தம்ஜி ரத்தன்ஜி ஹக்கீம் என்பது பழைய பெயர். இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் நல்ல பெயரெடுத்த டாக்டர். 1935 செப்டம்பர் 29 அன்று, ஸ்காட்லாந்தின் மாஃபட் ஊருக்கு அருகே ஒரு பாலத்திலிருந்து கீழே பார்த்த பெண் ஒருவர், ஓடைக்கரையில் ஒரு மனிதக் கை கிடப்பதைக் கண்டார். தேடத் தேட, துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிய எழுபது துண்டுகள் சேர்ந்தன. இரண்டு உடல்கள். முகத்தின் அடையாளங்கள், விரல் நுனிகள் எல்லாம் அகற்றப்பட்டிருந்தன. வெட்டியவருக்கு உடற்கூறியல் தெரியும் என்பது பார்த்தவர்களுக்கு உடனே விளங்கியது.

முதல் சில நாட்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? ஒரு ஆண், ஒரு பெண் என்று. பத்திரிகைகளிலும் அப்படியே வந்தது. லங்காஸ்டரில் ரக்ஸ்டனின் மனைவி இசபெல்லாவையும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இருபது வயதுப் பெண் மேரி ரோஜர்சனையும் அப்போது காணவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியிடம் ரக்ஸ்டன் செய்தித்தாளைக் காட்டி, இது ஒரு ஆணும் பெண்ணுமாம், நம்மவர்கள் இரண்டு பேரும் இல்லை என்ற பொருளில் உற்சாகமாகப் பேசியதாகப் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. அந்த உற்சாகத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. தன்னை அந்த ‘ஆண்’ காப்பாற்றிவிடுவான் என்று நம்பியிருக்கிறார்.

கிளாஸ்கோவின் ஜான் கிளெய்ஸ்டரும் எடின்பரோவின் உடற்கூறியல் பேராசிரியர் ஜேம்ஸ் கூப்பர் பிராஷும் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். ஒரு உடலுக்கு நடுப்பகுதியே கிடைக்கவில்லை. அதாவது இடுப்பெலும்பு இல்லை. இருந்தவற்றை வைத்து, எலும்பு மட்டுமல்லாமல் உடலின் மென்பகுதிகளையும் வைத்து, இரண்டும் பெண்களே என்று முடிவுக்கு வந்தார்கள். இசபெல்லாவின் புகைப்படத்தின்மேல் மண்டையோட்டின் படத்தைப் பொருத்திக்காட்டிய பிராஷின் வேலை இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ரக்ஸ்டன் 1936 மே 12 அன்று மான்செஸ்டரில் தூக்கிலிடப்பட்டார். அந்த ‘ஆண்’ இன்னும் சில வாரம் நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கிளெய்ஸ்டருக்கும் பிராஷுக்கும் முன்பே இந்தக் கேள்வியைக் கண்பார்வையிலிருந்து அளவுகோலுக்கு மாற்றும் முயற்சி தொடங்கிவிட்டது. பெண்ணின் இடுப்பு பிரசவத்துக்கு ஏற்ப அகன்றிருக்கும் என்பது பழைய அறிவு. ஆனால் புதைந்த எலும்புகளில் இடுப்பின் முன்பக்கம் சீக்கிரம் நொறுங்கிப்போகும். தொடையெலும்பு அப்படி இல்லை; உடலிலேயே உறுதியானது. ஹார்வர்டின் தாமஸ் ட்வைட் 1905இல் ஒரு கட்டுரை எழுதினார்: எலும்பின் நீளத்தைவிட, மூட்டுகளில் ஒன்றோடொன்று உரசும் பரப்பின் அளவுதான் ஆண் பெண் வேறுபாட்டை நன்றாகக் காட்டும் என்று. (ட்வைட் வகித்த பதவியின் பெயர் பார்க்மன் பேராசிரியர். அந்த ஜார்ஜ் பார்க்மன் 1849இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளிக்குள்ளேயே கொல்லப்பட்டவர். அவருடைய எலும்புகளை அடையாளம் காட்ட உடற்கூறியல் பேராசிரியர்களே சாட்சிக்கூண்டில் ஏறினார்கள். இந்தத் துறையில் நாற்காலிகளுக்குக்கூட இப்படி ஒரு கதை இருக்கும்.)

அதன்பின் லண்டனில் கார்ல் பியர்சன். நவீனப் புள்ளியியலைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர்; மனிதரை இனம் இனமாகத் தரம் பிரிக்கும் யூஜெனிக்ஸிலும் முழு நம்பிக்கை உள்ளவர், அதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஜூலியா பெல் என்ற கணிதம் படித்த பெண்ணோடு சேர்ந்து அவர் 1919இல் ஆங்கிலேயத் தொடையெலும்புகளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். தொடையெலும்பின் தலை என்பது இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்காரும் பந்து. அந்தப் பந்தின் செங்குத்து விட்டத்தை அளந்து ஐந்து பெட்டிகள் போட்டார்கள். 41.5 மில்லிமீட்டருக்குக் கீழே பெண். 41.5 முதல் 43.5 வரை அநேகமாகப் பெண். 43.5 முதல் 44.5 வரை கேள்விக்குறி. 44.5 முதல் 45.5 வரை அநேகமாக ஆண். அதற்கு மேல் ஆண்.

எனக்கு இந்தப் பட்டியலில் பிடித்தது நடுவில் இருக்கும் அந்த ஒரு மில்லிமீட்டர். பியர்சன் போன்ற ஒரு பிடிவாதக்காரர்கூட அங்கே ஒரு கேள்விக்குறியை விட்டுவைத்திருக்கிறார். ஆணெலும்புகளின் அளவுகளை வரைந்தால் ஒரு மேடு, பெண்ணெலும்புகளுக்கு இன்னொரு மேடு. இரண்டு மேடுகளின் சரிவுகளும் நடுவில் ஒன்றோடொன்று புகுந்து கிடக்கின்றன. வாட்டசாட்டமான பெண்ணும் ஒல்லியான ஆணும் அந்தச் சரிவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். நம் ஊர் ரேஷன் கடை வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு வரைபடம் தேவையில்லை. இதில் குழந்தைகளைச் சேர்க்கவே இல்லை. பருவம் எய்தும் முன் எலும்பில் நம்பத்தக்க வேறுபாடு ஒன்றும் கிடையாது.

சரி, அந்த மேடுகளை வரைவதற்கு எலும்பு வேண்டும். அதுவும் இன்னார் ஆண், இன்னார் பெண் என்று ஏற்கெனவே தெரிந்த எலும்பு. அது எங்கிருந்து வரும்? இங்கேதான் இந்த வரலாற்றின் இருட்டு மூலை இருக்கிறது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கார்ல் ஹாமன் 1893இல் தொடங்கி, பின்பு டி. விங்கேட் டாட் 1938இல் சாகும்வரை சேர்த்த தொகுப்பில் 3,000க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். செயின்ட் லூயிஸில் ராபர்ட் டெர்ரி ஆரம்பித்து மில்ட்ரெட் ட்ராட்டர் தொடர்ந்த தொகுப்பில் 1,728. பெயர், வயது, இறந்த காரணம் எல்லாம் குறிப்பேட்டில் இருக்கும். இவர்களில் பெரும்பாலோர் யாரும் கேட்டு வராத உடல்கள். ஆஸ்பத்திரியிலும் ஏழைகள் விடுதியிலும் செத்து, உறவினர் என்று ஒருவரும் வராததால் சட்டப்படி உடற்கூறியல் மேசைக்கு அனுப்பப்பட்டவர்கள். வேலை தேடி நகரத்துக்கு வந்து தனியாக வாழ்ந்தவர்கள், கூலிகள், கறுப்பினத்தவர், புதிதாகக் குடியேறியவர். காசும் குடும்பமும் உள்ளவர்களின் உடலை யாராவது வந்து வாங்கிப்போய்விட்டார்கள். அதனால் கிளீவ்லாந்து அலமாரிகளில் ஆண்கள்தான் மிக அதிகம். செயின்ட் லூயிஸில் வெள்ளைப் பெண்கள் போதவில்லை என்று ட்ராட்டர் பிற்காலத்தில் தேடித்தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. உடலை விருப்பத்தோடு தானம் செய்யும் சட்டம் அந்த மாநிலத்தில் 1950களில் வந்தபிறகுதான் அது ஓரளவு முடிந்தது.

அளவுகோல் இவர்களுடையது. உயிரோடு இருந்தபோது எந்தக் கணக்கிலும் வராதவர்கள், செத்தபிறகு எல்லோருக்கும் கணக்காகிப்போனார்கள்.

வில்டன் க்ரோக்மன் கிளீவ்லாந்தில் வேலை செய்தவர். 1939இல் எஃப்.பி.ஐ.யின் இதழில் அவர் எழுதிய கையேடு வழியாகத்தான் அமெரிக்கப் போலீசுக்கு எலும்பு படிக்கும் கலை அறிமுகமானது. அந்தத் தொகுப்பின் 750 எலும்புக்கூடுகளைப் பார்த்து அவர் ஒரு மதிப்பெண் பட்டியல் கொடுத்தார். முழு எலும்புக்கூடு இருந்தால் நூற்றுக்கு நூறு; இடுப்பு மட்டும் என்றால் 95; மண்டையோடு மட்டும் என்றால் 92; கைகால்களின் நீளெலும்புகள் மட்டும் என்றால் 80. இன்றும் மாணவர்கள் ஒப்பிக்கும் எண்கள் இவை. நானும் ஒப்பித்தேன். ஆனால் ஆண்களே நிறைந்த ஒரு அலமாரியில் சந்தேகம் வரும்போதெல்லாம் ஆண் என்று சொன்னால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? எங்கள் அக்காவின் சூத்திரம் வைவாவில் செல்லுபடியானதற்கும் இதே காரணமாக இருக்கலாம்.

1969இல் டி. டபிள்யூ. ஃபெனிஸ் டெர்ரி தொகுப்பை வைத்து, இடுப்பின் முன்பக்கத்து எலும்பில் மூன்று சின்ன அடையாளங்களைப் பார்த்தாலே போதும், 96 சதவீதம் சரியாக வரும் என்று காட்டினார். அளவுகோலே வேண்டாம், கண் போதும். மாணவர்களுக்கு வரப்பிரசாதம். 1963இல் கைல்ஸும் எலியட்டும் மண்டையோட்டின் பல அளவுகளை ஒரே சமன்பாட்டில் போட்டு, கண்ணை அறவே நம்பாத வழியைக் காட்டியிருந்தார்கள். கண்ணா, காலிப்பரா என்ற சண்டை அப்போதிருந்து ஓய்ந்தபாடில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. என்னை உட்காரவைத்தது வேறொரு கட்டுரை.

கென்னத் வைஸ் என்பவர் 1972இல் ஒரு கூட்டல் கணக்குப் போட்டுப் பார்த்தார். பழைய புதைமேடுகளில் கிடைத்த எலும்புகளைப் பற்றி உலகெங்கும் வெளியான அறிக்கைகளை எடுத்து, அவற்றில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று எண்ணினார். எந்த ஊரிலும் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாகத்தானே இருந்திருப்பார்கள், சமமாகத்தானே செத்திருப்பார்கள்? அறிக்கைகளிலோ ஆண்கள் ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதலாக இருந்தார்கள். பெண்களை வேறெங்கோ புதைத்தார்களா? சில ஊர்களில் இருக்கலாம், எல்லா ஊர்களிலுமா? வைஸ் சொன்ன காரணம் ரொம்பச் சாதாரணம். அடையாளம் தெளிவில்லாத எலும்பு கையில் வரும்போது அதை ஆண் என்று சொல்லிவிடும் சபலத்தை ஆய்வாளர்களால் அடக்க முடியவில்லை. கொஞ்சம் கனமான புருவமேடு, கொஞ்சம் பெரிய தாடை தெரிந்தால் போதும், ஆண்.

கட்டைவிரலை அந்தக் குழிவில் வைத்தபடி நான் நின்றது ஞாபகம் வந்தது. ஆயிரக்கணக்கான வருடம் புதைந்து கிடந்து, வெளியே வந்ததும் ஒரு நொடியில் ஆணாக்கப்பட்டுவிட்ட பெண்கள் எத்தனை பேர்? ‘மேல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்பதையும் அன்றைக்குத்தான் யோசித்தேன்.

சபலத்துக்கு எலும்பு மட்டும் காரணம் இல்லை. பக்கத்தில் கிடக்கும் பொருளும் காரணம். சுவீடனில் மேலாரன் ஏரியின் நடுவில் இருக்கும் பீர்கா என்ற வைக்கிங் காலத்து வணிக நகரத்தில் யால்மர் ஸ்டோல்பே 1878இல் ஒரு கல்லறையைத் தோண்டினார். பத்தாம் நூற்றாண்டுக் கல்லறை. எண் பிஜே 581. உள்ளே வாள், கோடரி, ஈட்டி, கவசத்தைத் துளைக்கும் அம்புகள், இரண்டு கேடயங்கள், இரண்டு குதிரைகள். மடியருகே சதுரங்கம் மாதிரியான ஒரு விளையாட்டின் காய்கள். படை நடத்தத் தெரிந்தவர் என்பதற்கு அதையே சான்றாகச் சொன்னார்கள். 1889இல் அந்தக் கல்லறையின் ஓவியம் அச்சில் வந்ததிலிருந்து, வைக்கிங் வீரன் என்றால் இவன்தான் என்று ஆகிவிட்டது. எலும்பைப் பார்த்து யாரும் ஆண் என்று சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. வாளைப் பார்த்துச் சொன்னார்கள்.

1970களில் பெரித் வில்கான்ஸ் என்ற எலும்பியலாளர் அதை ஆராய்ந்து பெண் என்று எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. நாற்பது வருடம் கழித்து அன்னா ஷெல்ஸ்ட்ரோம் இடுப்பையும் தாடையையும் பார்த்து மறுபடி பெண் என்றார். இப்போது கொஞ்சம் சலசலப்பு. எலும்புப் பெட்டி மாறியிருக்கும் என்றார்கள். 2017இல் ஷார்லட் ஹெடன்ஸ்டியர்னா-யோன்சனும் குழுவினரும் டி.என்.ஏ. முடிவை வெளியிட்டார்கள். இரண்டு எக்ஸ். ஒய் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அத்துடன் முடிந்திருந்தால் இதை இவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டேன். அடுத்து வந்த கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பெண் நிஜமாகவே சண்டை போட்டவளா, இல்லை ஆயுதங்கள் வெறும் அந்தஸ்துக்காக வைத்தவையா? எலும்பில் வெட்டுக்காயம் இல்லையே? கூடவே ஒரு ஆண் புதைக்கப்பட்டு அவன் எலும்பு மட்டும் காணாமல் போயிருக்குமோ? நியாயமான கேள்விகள்தான், கல்லறையில் வைத்த பொருள் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லும் என்று நிச்சயமாகக் கூற முடியாது. ஆனால் அந்த எலும்புக்கூடு ஆணாக இருந்த நூற்று முப்பது சொச்சம் வருடத்தில் இதில் ஒரு கேள்விகூட எழவில்லையே? வாளோடு கிடந்தான், ஆகவே வீரன். அவள் என்று ஆனதும் வாளுக்கே சான்றிதழ் கேட்கிறார்கள்.

நேர் எதிரான கதையும் இருக்கிறது. காசிமிர் புலாஸ்கி போலந்தில் பிறந்த குதிரைப்படைத் தளபதி. அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்டு 1779இல் சவான்னா முற்றுகையில் காயம்பட்டு இறந்தார். 1996இல் அவருடைய நினைவுச் சின்னத்தைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது கீழே இருந்த எலும்புகளை ஆராய்ந்தார்கள். இடுப்பு பெண்ணுடையது மாதிரி இருந்தது. அப்படியானால் தவறான உடல் என்றுதான் முதலில் தோன்றும். 2019இல், அவருடைய உறவினர் ஒருவரின் எலும்போடு ஒப்பிட்ட டி.என்.ஏ. பொருந்தியது. ஆணாகப் பெயரிடப்பட்டு, ஆணாகவே வாழ்ந்து, படை நடத்தி இறந்தவர். உடலால் இரண்டுக்கும் இடைப்பட்டவராக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எலும்பு சொன்னது தப்பில்லை. புலாஸ்கி வாழ்ந்ததும் தப்பில்லை. நம் படிவத்தில் இரண்டே கட்டம் இருந்தது, அவ்வளவுதான்.

சமீபத்து முறைகளில் எனக்கு மரியாதை வந்தது ஒன்றின்மேல். 2005இல் பிரான்சில் பாஸ்கல் முராய், யாரோஸ்லாவ் ப்ரூஷெக் முதலியோர் உருவாக்கியது. பல நாட்டு மக்களின் 2,000க்கும் மேற்பட்ட இடுப்பெலும்புகளைச் சேர்த்து அளந்து ஒரு கணக்கு முறை செய்தார்கள். கையிலிருக்கும் இடுப்பெலும்பின் அளவுகளைக் கொடுத்தால் அது நிகழ்தகவு சொல்லும். 95 சதவீதம் தொட்டால்தான் ஆண் அல்லது பெண். தொடாவிட்டால் ‘தீர்மானிக்கவில்லை’ என்று விட்டுவிடும். அப்படி ஒரு பதிலை வைவாவில் சொன்னால் எங்கள் காலத்தில் என்ன மார்க் விழுந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இனி என் லெட்டருக்கு வருகிறேன்.

ஒரு காலத்தில் மேற்கத்திய மருத்துவ மாணவர்களின் கையில் இருந்த எலும்புக்கூடுகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கல்கத்தாவிலிருந்து போனவை. 1985இல் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. அதுவரை லண்டனிலும் சிகாகோவிலும் உடற்கூறியல் படித்தவர்கள் நம்மவர்களின் எலும்பைத் தொட்டுத்தான் படித்தார்கள். நாங்களோ நம்மவர்களின் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு லண்டன்காரர்களின் அளவுகளை மனப்பாடம் செய்தோம். இந்திய எலும்புகள் பொதுவாகச் சிறியவை. இங்கே அளந்து பார்த்த ஆய்வாளர்கள் ஆணையும் பெண்ணையும் பிரிக்கும் கோடு பியர்சனின் கோட்டைவிடச் சில மில்லிமீட்டர் கீழே விழுவதைக் கண்டிருக்கிறார்கள். ஆங்கிலேயக் கணக்கை அப்படியே போட்டால் நம் ஊர் ஆண்கள் பலர் பெண்களாகிவிடுவார்கள். ஆக, இங்கே தப்பு இரண்டு பக்கமும் இழுக்கிறது. கண்ணை நம்பினால் பெண் ஆணாகிறாள்; அந்நிய அட்டவணையை நம்பினால் ஆண் பெண்ணாகிறான்.

என் பையிலிருந்த இடுப்பெலும்பின் முன்பக்கம் உடைந்து போயிருந்தது. ஃபெனிஸின் மூன்று அடையாளங்களும் இருந்த இடத்தில் வெறும் பஞ்செலும்பு. பின்பக்கக் குழிவில் கட்டைவிரலை வைத்தேன். முன்பு போலவேதான்; ஆடியும் ஆடாமலும். மண்டையோட்டின் புருவமேட்டைத் தடவினேன். நாலைந்து தலைமுறை மாணவர்களின் விரல்கள் தேய்த்து வழுவழுவென்று ஆகியிருந்தது. தேய்ந்ததா, பிறவியிலேயே அப்படியா, சொல்ல முடியாது. இந்த மண்டையோடும் இந்த இடுப்பும் ஒரே ஆளுடையவை என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கைமாறும் செட்டுகளில் தொலைந்த எலும்புக்கு வேறொரு எலும்பைப் போட்டு நிரப்புவது வழக்கம்.

தொடையெலும்பு மட்டும் முழுசாக இருந்தது. தம்பி லேத் பட்டறை வைத்திருக்கிறான். வெர்னியர் காலிப்பரோடு வா என்று போன் செய்தேன். கையில் கிரீஸோடு வந்தவன், எதை அளக்க வேண்டும் என்று தெரிந்ததும் கொஞ்சம் தயங்கினான். அப்புறம் பந்தைத் திருப்பித் திருப்பி, செங்குத்து விட்டம் எது என்று நான் காட்டிய இடத்தில் வைத்து, தாடைகளை மெதுவாக நெருக்கினான். பேரிங் அளக்கும் அதே கவனம். மூன்று தரம் அளந்தான். மூன்று தரமும் 43.0.

பியர்சனின் பெட்டியில் போட்டால் அநேகமாகப் பெண். இங்குள்ள எலும்புகளில் போட்ட கோட்டின்படி ஆண் பக்கம். நடுவில் ஒரு கடல், ஒரு நூற்றாண்டு. ஆச்சி இருந்திருந்தால் இதை அவளிடம் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். அன்று திண்ணையில் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்ன பதிலும் நினைவுக்கு வந்தது. லெட்டரில் ‘ஒரு ஆணின்’ என்று எழுதியிருந்ததை அடித்து, ‘ஒரு மனிதரின் அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட மனிதர்களின்’ என்று மாற்றினேன். உடற்கூறியல் துறைக்காரர்கள் சிரிப்பார்களோ என்னவோ.

தம்பி காலிப்பரை வேஸ்ட் துணியில் துடைத்து உறைக்குள் போட்டான்.

“என்னக்கா, ஆம்பளையா பொம்பளையா?”

“நாப்பத்தி மூணு” என்றேன்.